முத்தாயி அக்காவும் சாமிக்கு நேர்ந்த சேவலும்

முத்தாயி அக்கா போய்விட்டார். இன்று காலை ஹட்டனிலிருந்து அவர் மகன் ஃபோன் பண்ணினான்...

நண்பர்களில் பலருக்கு அவரைத் தெரியாது. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராக்காரர். அறுபதுகளின் தொடக்கம் அது.

எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. கொழுந்து பறிக்கப் பேர் பதிந்த புதிது. யார் பேசினாலும் தரையைப் பார்ப்பேன்.

அக்காவிடம் மூன்று பெட்டைக் கோழி, ஒரு சேவல். அக்கா புருஷனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. ஒருநாள் அவர் கை மெஷினில் மாட்டாமல் தப்பியது. அதற்காக, ஸ்டோர் சக்கரத்துக்குக் காவல் நிற்கும் ரோதமுனிக்கு அக்கா அந்தச் சேவலை நேர்ந்துவிட்டார்.

நேர்ந்த சேவல்மேல் யாரும் கை வைப்பதில்லை. அதை அடைத்து வைக்கவும் அக்காவுக்குப் பயம். சும்மா இருக்குமா அது... பெட்டைகளின் முதுகில் இறகே இல்லை. எங்கள் கால்களில் எப்போதும் காயம்.

என்னைத்தான் அதிகம் துரத்தும். நான்தான் ஓடுவேன்.

காலையில் அது அந்தப் பக்கம் போகட்டும் என்று கதவுக்குப் பின்னால் நிற்பேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நான் இருக்க மாட்டேன்.

"ஏ புள்ள, இன்னொரு நா லேட்டா வந்தே, பேர வெட்டிருவேன்" என்றார் கங்காணி.

அம்மா போய் அக்காவிடம் சொன்னாள்.

"சாமி கோழிங்க அது. நா என்னா செய்ய? திருவிழா வரைக்கும் ஒங்க மகள பொறுத்துக்கச் சொல்லுங்க."

திருவிழாவுக்கு மாதக்கணக்கில் இருந்தது. வேலையை விடுவதாக இல்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஜன்னலில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். முதலில் ஒரு இறக்கையைத் தாழ்த்தும். பக்கவாட்டில் நடக்கும். முதுகைக் காட்டி ஓடுகிறவர்மேல்தான் பாயும். நின்று பார்ப்பவரிடம் கொஞ்சம் தயங்கும்.

மறுநாள் நான் ஓடவில்லை. அதற்கு முகத்தைக் காட்டி நின்றேன். இறக்கை தாழ்ந்தது. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அமுக்கினேன். மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் பெரட்டுக்கு நடந்தேன்.

நேரத்துக்குத்தான் போனேன்.

"கூடை எங்க புள்ள?" என்றார் கங்காணி.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கூடை இல்லாமல் எதில் கொழுந்து போடுவது? தரையைப் பார்த்தேன்.

பின்னாலேயே முத்தாயி அக்கா வந்தார். தலையில் இரண்டு கூடை, கக்கத்தில் சேவல்.

"அடியே! சாமி கோழியவாடி கூடைக்குள்ள போட்ட? ஒனக்கு எம்புட்டுத் தைரியம்!"

பெரட்டே திரும்பிப் பார்த்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"கோழியத்தானக்கா சாமிக்கு நேந்தீங்க. என் கால நேரலையே!"

முதலில் சிரித்தது கங்காணி. அப்புறம் எல்லோரும். அக்கா மட்டும் முறைத்தார்... அவராலும் அடக்க முடியவில்லை.

"இந்த வாய இம்புட்டு நாளா எங்கடி வச்சிருந்த?" என்று என் கூடையை நீட்டினார்.

சேவல் அவர் கக்கத்தில் பூனைக்குட்டி மாதிரி கிடந்தது. அதைப் பார்த்தாரோ என்னவோ, அடுத்த நாளிலிருந்து விடிந்ததும் அதைத் தூக்கிக் கழுத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். "போடி, மகாராணி போங்க" என்பார். நான் தாண்டிய பிறகுதான் இறக்கிவிடுவார். போகப்போக அது யார்மேலும் பாயவில்லை.

திருவிழாக் கறியில் எனக்கென்று ஒரு கால் துண்டை எடுத்து வைத்திருந்தார். "கொத்துனவன் காலு. நல்லா கடி."

இன்று அவர் மகன், "நீங்க கொழும்புல இருக்கீங்க, வயசான காலத்துல அலையாதீங்க. நாளைக்கு வெள்ளனே எடுத்துருவோம்" என்றான்.

ராத்திரி பஸ்ஸில் வருகிறேன் அக்கா. நான் வருவதற்கு முன்னால் உங்களை எடுக்கக்கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன்.