வலித்தால் சொல்லச் சொன்னார்கள்

என் தம்பிக்குக் கிடங்கில் வைத்த பட்டப்பெயர் மாப்பிள்ளை. லாரியிலிருந்து நாலு மூட்டை இறக்கியதும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கொஞ்சம் ஓய்ந்து எழுந்தானென்றால் மாடாய் உழைப்பான். அதுதான் வினையாகப் போயிற்று.

"இப்ப மட்டும் எப்படித் தூக்குறான்? எல்லாம் நடிப்பு" என்றார் மேஸ்திரி. "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லேன்னா வேற இடம் பாத்துக்கோ."

முதலில் பார்த்த டாக்டர், ரத்தத்தில் கல்லீரல் அளவுகள் ஏறியிருப்பதைப் பார்த்து, "எத்தனை வருஷமா குடிக்கிறே?" என்றார். சொட்டுக்கூடத் தொடாதவனிடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் வேறு மாதிரி கேட்டார். "வேலை செஞ்ச பிறகு சிறுநீர் கறுப்பா போகுதா?"

அவன் தலையாட்டினான். அடப்பாவி, கூடப் பிறந்த எனக்கே சொல்லவில்லை.

"தசை சிதைஞ்சாலும் அந்த அளவெல்லாம் ஏறும்மா. தசையில சேர்த்து வச்ச சர்க்கரையை இவர் உடம்பால எரிக்க முடியலைன்னு நினைக்கிறேன். டெஸ்ட் பண்ணிடலாம்."

ரத்தம் எடுக்க ஒரு கையில் ஊசியைப் பொருத்தி, அதே கையில் அழுத்துவதற்கு ஒரு பிடியைக் கொடுத்தார்கள். பரிசோதனை செய்யும் பெண் விளக்கினாள்: "இதை விட்டு விட்டு அழுத்துங்க. எல்லாருக்கும் ரத்தத்துல லாக்டேட், அம்மோனியா ரெண்டும் ஏறும். அந்தக் கோளாறு இருந்தா லாக்டேட் ஏறாது, அம்மோனியா மட்டும்தான் ஏறும். ஒழுங்கா அழுத்தலைன்னா ரெண்டுமே ஏறாது. வலிச்சா உடனே சொல்லுங்க, நிறுத்திடலாம்."

ஒழுங்கா அழுத்தலைன்னா என்றதும் அவன் முகம் மாறியது. அதற்கப்புறம் அவள் சொன்னது காதில் ஏறவே இல்லை.

அழுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். "வலிக்குதா?" என்று அவள் கேட்கக் கேட்க, "இல்லை" என்றான். முடிந்தபோது பிடியை விடமுடியவில்லை, விரல்கள் பூட்டிக்கொண்டிருந்தன. முன்கை வீங்கிற்று. மறுநாள், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, சிறுநீரே நின்றுபோய், டயாலிசிஸில் போட்டார்கள்.

டாக்டரம்மா கட்டிலருகே வந்து சொன்னார். "லாக்டேட் ஏறவே இல்லை. அம்மோனியா நல்லா ஏறியிருக்கு. பிறவிக் கோளாறுதான். இனிமே நீங்க மூட்டையே தூக்கக் கூடாது."

"அப்போ நான் நடிக்கலைன்னு எழுதித் தருவீங்களா?"

"தரேன்."

என்னைப் பார்த்துச் சிரித்தான், பாவி.

"அக்கா, சீக்கிரம் கொண்டுபோய் மேஸ்திரிகிட்ட குடு. என் இடத்துல வேற ஆளைப் போட்டுடப் போறாரு."