தங்கச்சி படத்துக்குப் போட்ட தேயிலைச் சாயம்

புதுப் படத்தைப் பழசாக்குவதுதான் அப்போது என் பிழைப்பு. கப்பல், கலங்கரை விளக்கம், சாமி என்று ஜெராக்ஸ் எடுத்து, கடுந்தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, ஓரத்தை ஊதுபத்தியால் கருக்குவேன். மரப்பெட்டி மூடியில் ஒட்டிச் சுற்றிலும் சோழி பதித்தால் ராமேஸ்வரம் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். நூறு வருஷத்துப் படம் என்று மனுஷன் கூசாமல் அளப்பார்.

சாயத்தை நல்ல தண்ணீரில்தான் காய்ச்ச வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் ஊறிய காகிதம் மழைக்காலத்தில் கசிந்து பொரிந்துவிடும். லாரியில் வரும் நல்ல தண்ணீருக்கோ தெருவே குடத்தோடு மல்லுக்கு நிற்கும். குடிக்கவும் உலை வைக்கவும் தவிர யாரும் அதைத் தொடமாட்டார்கள். என்னைத் தவிர.

தலைப்பிரசவத்தில் என் தங்கச்சி செத்துப்போனாள். எங்கள் வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. அவள் புருஷன் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை இரவல் வாங்கி, முகத்தை மட்டும் பெரிதாக்கி ஒரே ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்தேன்.

அம்மா அதை, எப்போதோ செத்துப்போன எங்கள் அய்யா படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அய்யா பழுப்பேறிக் கிடந்தார். இவள் மட்டும் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"இவளையும் பழசாக்கிக் குடு ஆத்தா. அவளுக்குத்தான் வயசாகல, படத்துக்காச்சும் ஆகட்டும்."

மறுநாள் நான் பெட்டிகளைக் கொடுக்க ராமேஸ்வரம் கிளம்பினேன். "நீ போயிட்டு வா, சாயத்த நான் காய்ச்சி வைக்கிறேன்" என்றாள் அம்மா. என் வேலையில் அதுவரை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போடாதவள். வெயிலில் நா வறண்டு திரும்பினேன். செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள், மடமடவென்று குடித்தேன். சாயம் ஆறித் தயாராக இருந்தது. படத்தை நனைத்துக் காயவைத்துக் கண்ணாடி போட்டு மாட்டினோம். அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் வேர்த்தது. மூக்கின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. கார்த்திகைக்குள் மை உதிர்ந்து ஒரு கண்ணும் தலைப் பூவும்தான் மிஞ்சின. ஐயோ, அந்த ஒற்றைக் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குள் அவள் புருஷனுக்கு மறுகல்யாணம் ஆகியிருந்தது. பழைய ஆல்பத்தைத் தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

"கடைப் பெட்டியெல்லாம் நல்லாத்தான இருக்கு, எம்புள்ள மட்டும் ஏன் இப்படிப் போறா?" என்று அம்மா அழுதாள். பிறகு அவளே சொன்னாள்: "அன்னைக்கு நல்ல தண்ணி ஒரு செம்புதான் கெடந்துச்சு. நீ வெயில்ல வந்து குடிக்கணுமேன்னு மூடி வச்சுட்டு, போர் தண்ணியிலதான் காய்ச்சுனேன். அதுனாலயா ஆத்தா?"

"அதெல்லாம் இல்லம்மா. தேயிலைதான் கலப்படம்" என்றேன்.

அவள் நம்பினாளோ என்னவோ. அந்தத் தண்ணீரை நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்திருந்தேன்.