மச்சான் கட்டிய முயல்கூடு

முயல் வளர்க்கிறவர்கள் கூட்டை நிலத்தில் வைக்கக் கூடாது. யாரிடமும் இதை அடித்துச் சொல்வேன். இப்போது பேரப்பிள்ளைகள் போனில் பார்த்துக் கூடு கட்டுகிறார்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை. முயலுக்குப் புல் அறுக்கப் போனதிலேயே பாதிப் பள்ளிக்கூடம் போய்விட்டது. ஆனால் கூடு என்றால் என்னவென்று தெரியும்.

எங்கள் வீட்டு வளவு கல்முனையில் கடற்கரைப் பக்கம். நான் சின்னப் பையனாக இருந்தபோது வாப்பா சந்தையில் இரண்டு வெள்ளை முயல்களை வாங்கி வந்து, மீன்பெட்டி ஒன்றை நிலத்தில் வைத்து, முன்னால் பழைய வலைத் துண்டை அடித்துத் தந்தார். வலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சுறா பிடித்த வலை என்பார். பிடித்தாரா என்பது வேறு கதை.

அந்த வருடம் என் அக்கா, ராத்தாவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். மச்சான் நற்பிட்டிமுனையில் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. புது மருமகனுக்கு முன்னால் மாமியார் வரமாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். உம்மா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று சொல்வார். நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மச்சானுக்கு எல்லாம் முதலிலேயே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்காத மாதிரியே இருப்பார்.

ஒரு நாள் உம்மா, "மச்சானுக்கு என்ன கறி விருப்பம் எண்டு கேட்டுட்டு வா மனெ" என்றார். போனேன். மச்சான் முயல்கூட்டடியில் குந்தியிருந்து, பெரிய முயலின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கொழுத்திரிக்கி" என்றார்.

புது மாப்பிள்ளை ஆசைப்பட்டால் வீட்டில் மறுப்பே கிடையாது. வளவிலிருந்த சேவல்கள் ஏற்கெனவே அவருக்குக் கறியாகிப் போய்விட்டன. முயலும் ஹலால்தான். உம்மாவிடம் திரும்பி வந்து, மச்சானுக்குப் பாரை மீன் போதுமாம் என்றேன்.

மறுநாள் பார்த்தால் மச்சான் கையில் கத்தி. கூட்டின் வலையை அறுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையில் தொங்கினேன்.

"அறுக்க வேணாம் மச்சான்! வாப்பாக்கிட்டச் சொல்லுவன்!"

"வலையத்தானடா அறுக்கிறன். இத நாய் ஒரே கடியில பிச்சிரும். இந்த முயல ஆரு தின்னப் போறா?"

"நீங்கதான்!"

அவர் சிரித்த சிரிப்பில் ராத்தா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஒன்னத் திண்டாலும் இதத் தின்ன மாட்டன், போ. போய் ஆணி எடுத்துட்டு வா."

கூட்டுக்கு இடுப்பளவு உயரத்தில் நான்கு கால்கள் அடித்தார். எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலும் தண்ணீர் டின்னுக்குள் நின்றது. புழுக்கை கீழே விழ, அடியில் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்தார். வலை இருந்த இடத்தில் கம்பி வலை. ஒரு மூலையில் பலகையால் அடைத்த இருட்டறை. பயந்த முயல் ஒளிய இடம் இல்லாவிட்டால் பயத்திலேயே செத்துப் போகும். கடற்காற்று அடிக்காமல் கூட்டின் முதுகைக் கிழக்கே திருப்பினார். இன்றைக்கும் அதைவிட நல்ல கூடு நான் கண்டதில்லை.

கருவாடு காயும் இடத்தில் நாய்க்குப் பஞ்சமா? ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு மச்சான் உள்ளே சாய்ந்திருந்தார். நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். வேலியைப் பிரித்துக்கொண்டு நாய்க் கூட்டம் ஒன்று கூட்டின் மேல் பாய்ந்தது. முதலில் கண்டது உம்மா. என்னைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்ப நேரமில்லை.

"மருமகன்! நாய், மருமகன்! ஓடி வாங்க!"

மச்சான் சாரத்தை மடித்துக் கட்டியபடி கம்போடு பாய்ந்தார். நாய்கள் ஓடிவிட்டன. கம்பி வலை நெளிந்திருந்ததே தவிர அறவில்லை. இருட்டறைக்குள் கையை விட்டேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன; நெஞ்சு படபடவென்று அடித்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை.

திரும்பிப் பார்த்தால் முயலை யாரும் கவனிக்கவே இல்லை. உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். மச்சான் கம்பை ஊன்றியபடி, பெருநாள் உடுப்புக் கிடைத்த பிள்ளைபோலப் பல் தெரிய நின்றார்.

"உம்மா கூப்பிட்டது கேட்டிச்சா?" என்றார் ராத்தா.

"ஓம். மருமகன் எண்டு கூப்பிட்டா. ரெண்டு தரம்."

இருவரும் சிரித்தார்கள். முயல்கள் நடுங்கிக்கொண்டிருக்க இதிலென்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. "உம்மா உங்களக் கூப்பிடல்ல, நாய்க்குப் பயந்து கத்தினா" என்று இரண்டு பேருக்கும் விளங்கப்படுத்தினேன்.