வெங்காய வாசம் போகும் திசை

தபால் பெட்டியைத் திறக்கும் முன் மார்லிஸ் வண்டிக் கண்ணாடியை இறக்கி, சட்டைப் பையிலிருந்து ஓர் எருக்கங்காயை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு பஞ்சைப் பிய்த்துக் காற்றில் விடுவாள். அது எந்தப் பக்கம் போகிறது, எங்கே தாழ்கிறது, எந்த மரத்தடியில் நின்று சுழல்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் கடிதம் பெட்டிக்குள் விழும். போன வசந்தத்தில் ஒரு சவ அடக்கத்தின்போது பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு பஞ்சு மெதுவாகச் சவப்பெட்டியைக் கடந்து போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "தெக்கால திரும்பிடுச்சு" என்று பின்வரிசையிலிருந்து மார்லிஸின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

வயது ஐம்பத்தெட்டு. ஆள் குள்ளம், நடை வேகம். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். தபால் கொண்டு போகும் அறுபது மைலிலும் மான்கள் எங்கெங்கே சாலையைக் கடக்கின்றன என்பது அவள் வரைபடத்தில் சிவப்பாக இருக்கும். வடக்கு விஸ்கான்சினில் அக்டோபர் பிறந்துவிட்டால் மான் வேட்டைக்குத் தயாராகும் ஆண்பிள்ளைகள் கடிதம் வராவிட்டாலும் பெட்டியடியில் வந்து நிற்பார்கள். "மார்லிஸ், இந்தத் தடவ பரண எங்க கட்டட்டும்?"

"மொதல்ல மான் எங்க படுக்குது, எங்க திங்குதுன்னு பாத்துட்டு வா. நடுவுல எந்த வழியா போகுதுன்னு பாரு. அப்புறம் காத்து எங்கேர்ந்து வருதுன்னு கேளு. ஒனக்கு உக்கார வசதியா இருக்கான்னு கடைசியா கேளு" என்பாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, வண்டி நிறுத்த வசதியாக, வீட்டுக்குப் பக்கத்திலேயே பரண் கட்டிக்கொள்வார்கள். அப்புறம் ஒரு வருஷம் முழுக்க மானைத் திட்டுவார்கள்.

ஊருக்கே இடம் சொல்லும் மார்லிஸுக்கு வாய்த்த புருஷன் ஹார்லன். சீஸ் ஆலையில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் பரணில் ஏறி உட்கார்ந்த கால் மணி நேரத்தில் பசித்துவிடும். ரை தானிய ரொட்டி, உலர்ந்த மாட்டிறைச்சி, கடுகு விழுது, அதற்கு மேல் விரல் தடிமனுக்குப் பச்சை வெங்காயம். தின்று முடித்தால் புகையிலை பைப். காட்டில் மானின் கண்ணுக்குத் தப்பலாம், காதுக்கும் தப்பலாம், மூக்குக்குத் தப்ப முடியாது. ஹார்லன் உட்கார்ந்த பக்கம் பதினோரு வருஷமாக ஒரு மான் எட்டிப் பார்த்ததில்லை.

"வெங்காயத்த விடச் சொல்லேன்" என்று தோழிகள் சொன்னால் மார்லிஸ் கையை உதறுவாள். "முப்பது வருஷம் சொல்லிப் பாத்தாச்சு. மனுஷன மாத்தறதுக்கு எடத்த மாத்தறது சுலபம்டி."

மார்லிஸின் அண்ணன் எல்டனுடைய மரக்குடிலில்தான் அவர்கள் எல்லாரும் வேட்டைக் காலத்தில் தங்குவார்கள். அதன் சுவரில் சட்டைத் துணுக்குகள் வரிசையாக ஆணியடிக்கப்பட்டிருக்கும். மானைச் சுட்டுக் குறி தவறியவனின் சட்டை வாலை அன்று மாலையே வெட்டி, பேரும் வருஷமும் எழுதி மாட்டிவிடுவார்கள். எல்டனுடையதே ஆறு இருக்கிறது. மார்லிஸுடையது இரண்டு. ஹார்லனுடையது ஒன்றுகூட இல்லை. குறி தவறுவதற்காவது மான் வர வேண்டுமே! மற்றவர்கள் வெட்டுப்பட்ட சட்டையோடு தலை குனிந்து நிற்கும்போது, ஹார்லன் தன் முழுச் சட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

இந்த செப்டம்பரில் எல்டன் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். "மாப்ளே, துப்பாக்கியத் தூக்கிட்டு அலையறதுக்குப் பேசாம அடுப்படியில இரு. ஒன் கறிக்குழம்பு நல்லாத்தான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ஹார்லன் சிரிக்கவில்லை. "சரி மச்சான். இந்த வருஷமும் என் பரணுக்கு ஒரு மான் வரலேன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து நான் சமையல்காரன். துப்பாக்கிய வித்துடறேன். வந்துட்டா குழம்பு வெக்கறது நீ" என்றான்.

மார்லிஸுக்குத் திக்கென்றது. விடிவதற்கு முன் அவளும் ஹார்லனும் ஒரே ஃபிளாஸ்கில் ஆளுக்கொரு வாய் காப்பி குடித்துவிட்டு, பாதை பிரியும் இடத்தில் "பாத்துப் போ" என்று சொல்லிக்கொள்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் வேட்டைக்கே போகிறாள். அதை இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாளே காட்டில் இறங்கினாள். சதுப்பிலுள்ள தேவதாருக்களின் அடியில் மான்கள் பகலில் படுக்கும். மேற்கே மேட்டில் ஓக் மரங்கள், கீழே மான்கள் தின்னும் கொட்டைகள் சிதறிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு தடம். எல்டனின் ஆட்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் பரண் கட்டியிருந்தார்கள். மார்லிஸ் அதில் குனிந்து புழுக்கைகளைக் கிளறிப் பார்த்தாள். பெட்டையும் குட்டியும் ராத்திரியில் போகிற வழி. அங்கிருந்து ஐம்பது தப்படி தள்ளி, ஆற்றை ஒட்டினாற்போல, இலைகள் லேசாக அமுங்கிய இன்னொரு தடம் போயிற்று. அதன் ஓரத்தில் முழங்கை தடிமனுள்ள மரங்களில் பட்டை உரிந்திருந்தது. ஆண் மான் கொம்பு தேய்த்த காயம், பிசின்கூடக் காயவில்லை. "நீ இந்த வழியா வர்றியாடா ராஜா?" என்று மரத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

அப்புறம்தான் யாரும் செய்யாத வேலையைச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஹார்லனை ரொட்டியும் வெங்காயமுமாகக் காட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, தான் சதுப்புக்குள் போய், மான் படுத்து அமுங்கிய குழியிலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"தின்னுய்யா!" என்று கத்தினாள்.

இரண்டு நிமிஷத்தில் மூக்கைப் பிடித்தாள். "வெங்காயம்! அடுத்த மரத்துக்குப் போ!"

அடுத்த இடத்தில், "கடுகும் சேந்து வருது! நவுரு!"

மூன்றாவது இடத்தில் பைப் புகை மேட்டில் மோதித் திரும்பி வந்தது. நான்காவது, மெல்லிய தடத்துக்குத் தென்கிழக்கே, ஆற்றுக்கு முதுகு காட்டி நின்ற ஒரு மரம். வடமேற்கிலிருந்து வரும் காற்று முதலில் தடத்தைக் கடந்து, அப்புறம் ஹார்லனைத் தொட்டு, அவனுடைய வாசத்தையெல்லாம் வாரிக்கொண்டு தண்ணீருக்கு மேலே போய்விடும். ஹார்லன் ஒரு ரொட்டியைத் தின்றான், இன்னொன்றையும் தின்றான், பைப்பும் பிடித்தான். சதுப்பிலிருந்து சத்தமே இல்லை. அரை மணி கழித்து, இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி ஓடி வந்தான். மார்லிஸ் மான் குழியில் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மரத்தில் பரண் கட்டியதைப் பார்த்து எல்டன் விழுந்து விழுந்து சிரித்தான். "தங்கச்சி, இது முயல் தடம். முன்னால ஒண்ணும் தெரியல, பின்னால ஆறு. மாப்ள மீன் புடிக்கப் போறாரா?"

"ஒன் வாய மூடிட்டு வேடிக்க பாருண்ணே" என்றாள் மார்லிஸ். ஆனால் அடுத்த இரண்டு மாதமும் அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கடிதம் மாறி வேறு வீட்டில் விழுந்ததுகூட இரண்டு தடவை நடந்தது.

நவம்பரில் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை. காப்பி முடிந்தது, பாதை பிரிந்தது. மார்லிஸ் தன் பரணிலிருந்து பஞ்சு விட்டபடியே இருந்தாள். வடமேற்கு. மறுபடி வடமேற்கு. எட்டரை மணிக்கு ஆற்றுப் பக்கம் ஒரே ஒரு வெடி.

ஓடினாள். ஹார்லன் பரணில் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் ஒரு வெங்காய வளையம் ஒட்டியிருந்தது. "வந்துச்சு மார்லி! இம்மாம் பெரிய கொம்பு! முப்பது தப்படியில நின்னு தலையச் சொறிஞ்சுது. நான் மென்னுக்கிட்டே இருக்கேன், அதுக்கு ஒண்ணுமே தெரியல!"

"சுட்டியா?"

"சுட்டேன்."

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். ரத்தம் இல்லை, ஒரு மயிர்கூட இல்லை. குண்டு ஒரு மரத்தில் பத்திரமாகப் புதைந்திருந்தது. மான் சௌக்கியமாகப் போய்விட்டது.

மாலையில் எல்டன் குடிலின் கதவைத் திறந்தபோது, ஹார்லன் சட்டை வாலைக் கால்சராயிலிருந்து வெளியே இழுத்துவிட்டு, முதுகைக் காட்டித் தயாராக நின்றான்.

"வெக்கமே இல்லையா மாப்ளே ஒனக்கு?"

"பதினோரு வருஷம் காத்திருந்தேன் மச்சான். கோணலா வெட்டிடாத. இல்ல, நீ வெட்டாத, மார்லி வெட்டட்டும். ஆமா, அடுத்த வருஷம் குழம்பு யாரு வெக்கறது?"

எல்டன் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குள் போனான்.

மார்லிஸ் கத்தரியை வாங்கி ஒரே இழுப்பில் வெட்டினாள். காதிலிருந்த சிவப்புப் பென்சிலால் பேரையும் வருஷத்தையும் எழுதினாள். சுத்தியலைக் கையில் எடுத்தவள் ஒரு கணம் நின்று, அந்தத் துணியை மூக்கில் வைத்துக் கண்ணை மூடி நன்றாக ஒரு தரம் மோந்து பார்த்தாள். அதற்கு அப்புறம்தான் ஆணி அடித்தாள்.