பொன்மணி அக்காவின் டபுள் கேபின்

அந்த வண்டி என் பட்டறைக்குத் தானாக ஓடி வரவில்லை. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அப்படி இழுக்கும்போது பின்னால் வரும் வண்டியில் யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு வந்தது பொன்மணி அக்கா. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் என் பட்டறை வரைக்கும் கயிறு தொய்யாமல், டிராக்டர்காரனைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்துவிட்டாள். இறங்கியதும் சேலையில் ஒட்டிய துருவைத் தட்டினாள்.

“தம்பி, இத ஓட வைக்க முடியுமா, இல்ல இரும்புக்குப் போட வேண்டியதுதானா? மூஞ்சிக்கு நேரா சொல்லிரு.”

நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வண்டி அப்படிக் கிடந்தது.

அந்தக் காலத்தில் ஜீப் செய்கிறவர்கள் விட்ட மூக்கில்லாத வண்டி அது. முன்பக்கம் சப்பையாக இருக்கும். இன்ஜின் வெளியே தெரியாது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள்ளேதான் இன்ஜின். இப்படிப்பட்ட வண்டியில் முன்னால் ரெண்டு பேர் உட்காரலாம், மற்றதெல்லாம் லோடு. இதில் மட்டும் முன் சீட்டுக்குப் பின்னால் இன்னொரு வரிசை இருந்தது. அதற்குத் தனிக் கதவும் உண்டு. கம்பெனி வைத்த கதவு இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி வைத்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பொன்மணி அக்கா கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவள். கூடவே கருத்தம்மா, காளீஸ்வரி என்று நாலு பெண்கள். அண்ணாச்சிதான் வண்டி ஓட்டுவார். ஆரம்பத்தில் அந்தப் பெண்கள் பின்னால் லோடில்தான் வருவார்கள், கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து. ஒரு தடவை செட்டியார்பட்டியில் ஒரு கல்யாண வீட்டுக்கு நல்ல மழையில் போய் நின்றிருக்கிறார்கள். வாசலில் நின்ற ஒருத்தன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறான்: “பாத்திரமும் பொம்பளைகளும் வந்தாச்சு, எறக்குங்கப்பா.”

அவன் வம்புக்குச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னான். அண்ணாச்சிக்குத்தான் அது தாங்கவில்லை. அந்தக் கல்யாணச் சமையல் முடிந்து வந்த கையோடு வண்டியை டிங்கர் ஜெபக்குமாரிடம் விட்டு, லோடுத் தொட்டியில் பாதியை வெட்டி எடுத்து, கூரையை நீட்டி, பின்வரிசை அடிக்கச் சொன்னார். மூடிப்போன சினிமாக் கொட்டகை ஒன்றிலிருந்து இரும்புக் கால் நாற்காலிகளை வாங்கி வந்து அதில் பூட்டினார். நாற்காலி முதுகில் கொட்டகைக்காரன் பெயிண்டில் எழுதின நம்பர் அப்படியே இருந்தது. அந்தப் பெண்கள் ஆளுக்கொரு நம்பரை வைத்துக்கொண்டார்கள். கருத்தம்மாவின் நம்பரில் வேறு யாராவது உட்கார்ந்தால் வண்டி நகராது.

அதற்குப் பிறகு இந்தச் சுற்று வட்டாரத்தில் அந்த வண்டிக்குப் பேர் டபுள் கேபின்.

அண்ணாச்சி இறந்த பிறகு அது ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. ஓட்ட ஆளில்லை. இன்ஜின் இறுகிவிட்டது. பெண்களில் ரெண்டு பேர் பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா லோடு ஆட்டோவில் பாத்திரத்தை ஏற்றிவிட்டு, பஸ்ஸில் ஏறிப் பின்னாலேயே போவாள். பாத்திரம் ஒரு நேரம் போய்ச் சேரும், ஆள் ஒரு நேரம் போய்ச் சேரும்.

மகன் விமல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கெட்ட பையன் இல்லை. பழைய வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டு ஒரு சின்ன லோடு வண்டி எடுக்கலாம், ஆட்களுக்குத் தனியாக ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னான். கணக்குப்படி பார்த்தால் அதுதான் சரி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியும் ஆளும் ஒன்றாகப் போய் இறங்க வேண்டும் என்றாள். கடைசியில் மகனிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். வண்டியைச் சரி செய்து ஒரே ஒரு சமையலுக்குக் கொண்டுபோவது. “வெறுமன ஓடுனாப் பத்தாது. ஒங்கப்பா வண்டியா இருக்கணும். இல்லைன்னு எனக்குத் தோணிச்சுன்னா, நானே இரும்புக் கடைக்காரன வரச் சொல்லுதேன்.”

இதை என்னிடமும் சொல்லித்தான் வண்டியை விட்டாள். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை.

பழைய இன்ஜினுக்கு உயிர் கொடுக்க முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டேன். சாமான் கிடைக்காது. குப்புற விழுந்த ஒரு புது லோடு வண்டியின் டீசல் இன்ஜின், அடிபடாமல் இருந்தது, அதை மதுரையில் வாங்கி வந்தேன். இன்ஜின் மாற்றுவதற்கு வேண்டிய அனுமதியை முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டுதான் கை வைத்தேன். பழைய கியர் பாக்ஸும் புது இன்ஜினும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நடுவில் ஒரு கனத்த தகட்டை லேத்தில் கடைந்து போட்டேன். ஆயில் தொட்டி முன் ஆக்ஸிலில் இடித்தது. அதை வெட்டி, சாய்த்து ஒட்டினேன். இந்தக் காலத்து இன்ஜினுக்கு உடம்பெல்லாம் ஒயர். அந்தப் பெட்டிக்குள் அவ்வளவு ஒயரையும் அடக்குவதற்குள் என் முதுகு போய்விட்டது. பிரேக்கையும் மாற்றினேன். இவ்வளவு வேகத்தை அந்தப் பழைய பிரேக் தாங்காது.

ஜெபக்குமாருக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆனால் தான் வெட்டின வண்டி என்று வந்து, துருப்பிடித்த இடத்தையெல்லாம் அறுத்து எடுத்துப் புதுத் தகடு வைத்தார். கொட்டகை நாற்காலிகளைக் கழற்றிவிட்டு மெத்தை சீட்டு போடலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். அக்கா பார்த்த பார்வையில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். நம்பருக்கு மேல் பெயிண்டு படாமல் சுற்றிவரக் காகிதம் ஒட்டித்தான் அடித்தோம்.

நானாக ஒரு வேலையும் செய்தேன். இன்ஜின் பெட்டியின் உட்பக்கம் முழுக்கக் கனமான பஞ்சு மெத்தை ஒட்டி, அதற்கு மேல் வெள்ளித் தகடு போட்டு, சந்தில்லாமல் அடைத்தேன். சத்தமும் வராது, சூடும் வராது. டிரைவருடைய கால் வெந்துபோகிற வண்டி அது. அண்ணாச்சியின் இடது முழங்கால் எப்போதும் சிவந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளோட்டம் விட்ட அன்றைக்கு அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பினோம்.

“சூடே தெரியலையே தம்பி” என்றாள்.

பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்து முதல் முகூர்த்தம், கான்சாபுரத்தில் சமுத்திரம் என்பவரின் மகள் கல்யாணம். அக்காவின் வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டுப் பேண்டேஜ் கம்பெனிக்குப் போன ரெண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். பொங்கலுக்கு வந்த விமலும் கூட வந்தான். முதல் ஓட்டம் என்பதால் நான்தான் ஓட்டினேன். பின்னால் சத்தம் தாங்கவில்லை. காளீஸ்வரி தடித்துவிட்டாள், நாற்காலி சிறுத்துவிட்டது என்று கருத்தம்மா வம்பளந்துகொண்டே வந்தாள். காளீஸ்வரியும் விடவில்லை. “ஏட்டி, நீ என்ன மெலிஞ்சா போயிட்ட? ஒன் நம்பரே ஒன் முதுகுக்குப் பின்னால காணல.”

சாயங்காலம் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினேன். முதலில் கதவு திறந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராக இறங்கி, சேலையைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார்கள். அதற்குப் பிறகுதான் பாத்திரம் இறங்கியது. அக்கா கடைசி அண்டா இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் அந்த முகம் இல்லை.

நான் போனபோது எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். முன் கதவு திறந்திருந்தது. இன்ஜின் பெட்டியின் மேல் சாக்குச் சுற்றின ஒரு பெரிய தவலை. கருத்தம்மா அதற்குள் கரண்டியை விட்டு எடுத்துக் காட்டினாள். பாலாக ஒழுகியது.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இந்தப் பக்கத்தில் மலைக்காற்று இறங்குகிற மார்கழி, தையில் தயிர் லேசில் உறையாது. பொன்மணி அக்காவின் சமையலில் மட்டும் கத்தி போட்டு அறுக்கலாம் போல இருக்கும். கைராசி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கையும் இல்லை, ராசியும் இல்லை. வண்டியை நிறுத்தினதும் பாலில் உறைமோர் விட்டு, அந்தச் சூடான பெட்டியின் மேல் வைத்து, கதவு, கண்ணாடி எல்லாம் அடைத்துவிடுவார்கள். இரும்பு இன்ஜின் விடிய விடியக் கதகதப்பாகவே இருக்கும். அலுங்காமல் குலுங்காமல் தயிர் உறைந்துவிடும். அவர்களுக்கு அது எடுத்துச் சொல்லுகிற ஒரு விஷயமாகவே இல்லை. அடுப்பு எரியும் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

நான் அந்தச் சூட்டைத்தான் பஞ்சு வைத்து அடைத்திருந்தேன்.

வத்திராயிருப்பில் பாக்கெட் தயிர் வாங்கி வருகிறேன் என்று விமல் யாரிடமாவது பைக் சாவி கிடைக்குமா என்று தேடினான். “பாக்கெட்டுத் தயிருக்குப் பொன்மணி என்னத்துக்குலே?” என்றாள் அக்கா. அடுப்பு ஓரத்தில் வைக்கலாமா என்று காளீஸ்வரி கேட்டதற்கு, ஒரு பக்கம் திரிந்து ஒரு பக்கம் தண்ணீர் விடும் என்று தலையை ஆட்டினாள். பிறகு அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். செத்த நேரம் கையை எடுக்கவே இல்லை.

“நல்லாத்தான் செஞ்சிருக்க தம்பி. ஒங்கிட்ட கொற ஒண்ணுமில்ல. ஆனா இது அவிய வண்டி இல்ல.”

விமல் என்னைப் பார்த்தான். அவன் கையில் போன் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. தவலையைத் தூக்கச் சொன்னேன். பெட்டியைக் கழற்றி, வெள்ளித் தகட்டையும் பஞ்சு மெத்தையையும் கையாலேயே பிய்த்துத் தரையில் போட்டேன். ஆனால் பஞ்சை எடுத்தால் மட்டும் போதாது. இந்தக் காலத்து டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் உறுமினால் சூடாகாது, மேட்டில் இழுத்தால்தான் சூடாகும். அதனால் காற்றுப் புகாமல் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கைக் கட்டினேன். ஏறு என்று விமலைக் கூப்பிட்டேன். அடிவாரத்து ஏற்றத்தில் ரெண்டாவது கியரை மாற்றாமல் ஏறினேன், இறங்கினேன், திரும்ப ஏறினேன். சூட்டு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் இடது கால் காய ஆரம்பித்தது. விமல் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தான். அவன் அம்மா வைத்த அதே இடத்தில்.

“சின்னப்பிள்ளையில இதுக்கு மேலதான்ணே நான் தூங்குவேன்” என்றான். “குளிர் காலத்துல எங்கப்பா சட்டையக் கழட்டி விரிச்சு விடுவாரு. அவரு பனியனோட ஓட்டுவாரு.”

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவன் கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்து நிறுத்தினதும், தவலையை ரெண்டு பேர் அலுங்காமல் தூக்கி வைத்தார்கள். ராத்திரி முழுக்க உறை ஊறின பால்தான், இனிக் கொஞ்சம் வெதுவெதுப்புக் கிடைத்தால் போதும் என்றாள் அக்கா. சாக்கைச் சுற்றி, கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்தினாள். பிறகு சமையலைப் பார்க்கப் போய்விட்டாள். விமல் போகவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு காவல் போல நின்றான். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் வண்டியைத் தொட வந்தால் விரட்டினான்.

முதல் பந்தி உட்காரும் நேரத்துக்கு அவன் போன் அடித்தது. அவன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த இரும்புக் கடைக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்திருக்கிறாராம், அப்படியே கான்சாபுரத்துக்கு வந்து வண்டியைப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா அண்டாவைத் தூக்கச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

“இப்பம் முடியாதுண்ணே” என்றான் விமல். “வண்டிக்குள்ள தயிர் உறைஞ்சுக்கிட்டு இருக்கு. கதவத் தொறக்கக் கூடாது.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. இவன் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இல்லண்ணே. நாளைக்கும் வர வேண்டாம்.”

கருத்தம்மா முழங்கையால் அக்காவை இடித்தாள். அக்கா அவளைக் கவனிக்காத மாதிரி, சாம்பாருக்கு உப்புப் பார்க்கப் போனாள்.

ரசம் போய்க்கொண்டிருக்கும்போது வண்டிக் கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து கதகதப்பாக மோர் வாசமும் டீசல் வாசமும் சேர்ந்து வந்தது. அக்கா சாக்கை விலக்கி, தவலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அசையவில்லை. கரண்டியை விட்டாள். வெட்டின இடம் வெட்டினபடியே நின்றது.

“இப்பம் சுடுது தம்பி” என்றாள் என்னிடம். அவ்வளவுதான்.

ஊர் திரும்பும்போது விமல் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வண்டியின் கியரைச் சொல்லிக் கொடுத்தேன். ராஜபாளையம் வருவதற்குள் கால் வேகுது, கால் வேகுது என்று ஊரைக் கூட்டிவிட்டான். காலைக் கதவுப் பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும், அண்ணாச்சி அப்படித்தான் வைப்பார் என்று பின்வரிசையில் இருந்து நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்களோடு பின்வரிசையில் உட்கார்ந்த அக்கா, நாள் முழுக்க நின்ற அசதியில் தூங்கிவிட்டாள். தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் கருத்தம்மாவின் தோளில் போய் நின்றது. கருத்தம்மா தன் நம்பரை விட்டு இம்மி நகராமல் உட்கார்ந்து வந்தாள்.

நான் பிய்த்தெடுத்த அந்தப் பஞ்சு மெத்தை இப்போது பட்டறையில் கிடக்கிறது. நல்ல சாமான், வீணாகவில்லை. நாய் அதில்தான் படுக்கிறது.