வரவேற்புக்குப் பொறுப்பு

அந்த மின்மடல் குழுமத்தைத் தொடங்கியது நான்தான். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி, அதில் ஒரு பிரவுசிங் சென்டர், ப்ளைவுட் தடுப்புக்குள் தமிழ் எழுத்துரு ஏற மறுக்கும் ஒரு கணினி. அதனோடு மல்லுக்கட்டித் தொடங்கினேன். கவிதை பேச ஓர் இடம், அவ்வளவுதான் ஆசை. மடல்கள் வந்தன, மழைக்கு மறுநாள் ஈசல் போல. 'இங்கே எல்லோரும் சமம், கதவு திறந்தே இருக்கும்' என்று, புதிதாகச் சேர்பவருக்குத் தானாகப் போகும் வரவேற்பு மடலில் எழுதி வைத்தேன். எழுதியபோது அது உண்மை.

என் வீட்டில் கணினி இல்லை. கரண்ட் போனால் சென்டரும் இல்லை. சேரக் கேட்டவர்கள் அனுமதிக்குக் காத்துக் கிடந்தார்கள். உறுப்பினர்களில் ஒருவரான உள்ளூர்ப் பேராசிரியர் வீட்டில் கணினி இருந்தது.

"பாஸ்வேர்டக் குடுத்துரும்மா. நான் பாத்துக்கிறேன். நீ ஏன் அம்புட்டு தூரம் வெயில்ல அலையிற?"

கொடுத்தேன். அக்கறை என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

கூட்டம் பெருகியது. சண்டையும் பெருகியது. "யாருக்கு என்ன பொறுப்புன்னு வரையறுத்துருவோம்" என்றார் பேராசிரியர். ஒரு டிபன் ஹோட்டல் மாடியில் கூடினோம். அவர் தலைமை. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் மட்டுறுத்துநர். வரும் மடலைப் படித்து, உள்ளே விடவோ நிறுத்தவோ செய்பவர்.

"வரவேற்பு நம்ம அம்மாவுக்கு" என்றார் பேராசிரியர். "வர்றவங்கள வாங்கன்னு கூப்பிட ஒரு பொம்பளக் குரல் வேணும்ல?"

"அப்ப பன்னீர்ச் செம்பையும் குடுத்துருங்க சார். மண்டப வாசல்ல நின்னு தெளிச்சு விடுறேன்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏனுங்க, கல்கண்டுத் தட்ட விட்டுட்டீங்களே!" என்றார் மண்டிக்காரர். என் கோபத்துக்குக் கிடைத்த கைதட்டல் அது. நெய் ரோஸ்ட் ஆறிப்போயிருந்தது.

வாசலில் நின்றேன். வந்தவரையெல்லாம் வாங்க என்றேன். உள்ளே பந்தி நடந்தது.

தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கி, காபி நிறமாகிப்போன எங்கள் கிணற்றைப் பற்றி ஒரு கவிதை எழுதி அனுப்பினேன். நான் எழுதியதில் பொய்யே இல்லாதது அது ஒன்றுதான். குழுமத்தில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன்.

"மண்டிக்காரரு எங்கிட்டக் கேட்டாரும்மா, நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் பேராசிரியர். "கவிதையாம்மா அது? கலெக்டருக்குப் போட்ட மனு மாதிரில இருக்கு. நீ வரவேற்பப் பாரு. அது உனக்கு அழகா வருது."

அன்றே விலகினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் நிற்பவள் எப்போது வீட்டுக்குப் போனாள் என்று எந்தப் பந்தியில் கேட்கிறார்கள்?

அந்தக் கவிதை என்னை விடவில்லை. சில மாதம் கழித்து, வேறு முகவரியில், வேறு பெயரில் சேர்ந்தேன். புதிய பெயருக்காவது வழி விடுவார்கள் என்று ஒரு நப்பாசை. ஒரு நிமிடத்தில் மடல் வந்தது. இங்கே எல்லோரும் சமம், கதவு திறந்தே இருக்கும். என் வாக்கியங்கள், என் கமாக்கள். கடைசியில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: 'தங்கள் மடல்கள் அனுமதிக்குப் பிறகே வெளியாகும்.' அதன் கீழே, வரவேற்புக்குப் பொறுப்பு என்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயர்.

கவிதையை அவளுக்கு மட்டும் தனிமடலில் அனுப்பினேன்.

அன்று மாலையே பதில் வந்தது. "திரும்பத் திரும்பப் படிச்சேன்க்கா. இத குழுமத்துல போடலாமான்னு சார்ட்ட நான் கேட்டுப் பாக்கட்டா?"