டிவி மேல் வைத்த நான்கு டிக்கெட்டுகள்

இரண்டு தீபாவளிக்கு முன், என் கணவர் ஈப்போ டவுனிலிருந்து புதுப்படத்தின் கள்ள வீடியோ டேப் வாங்கி வந்தார். "தியேட்டருக்கு ஏன் போவணும் லா? இங்கயே பாருங்க" என்று அக்கம்பக்கத்தாரைப் பெருமையாகக் கூப்பிட்டேன்.

பாதிப் படத்தில், தீபாவளி வாழ்த்துச் சொல்ல மரியதாஸ் அண்ணன் வந்தார். எங்கள் ஊர் செமோர் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர். அதே படத்துக்கு, எங்களுக்கென்று எடுத்து வைத்த நான்கு டிக்கெட்டுகள் அவர் கையில் இருந்தன.

டிவியைப் பார்த்தார். "படம் நல்லா இருக்கா தங்கச்சி?" என்றார்.

டிக்கெட்டுகளை டிவி மேல் வைத்துவிட்டு, முறுக்கைக்கூடத் தொடாமல் போனார்.

அதன்பின் கள்ள டேப்பை வீட்டில் சேர்ப்பதில்லை. தியேட்டருக்கே போகிறோம். டிக்கெட்டைக் கிழித்துத் தரும்போது அவர் சிரிக்கிறார். நான்தான் இன்னும் தரையைப் பார்க்கிறேன்.